ஒரு தடவைதான் படிப்பேன்

அன்று பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கூடத்தில், முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், பதிவுத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா. அவருக்கு எதிரே மேசையில் தாளும் பென்சிலுமாக நர்சிங் படித்த மகள். சமையலறையில் அம்மா. உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவின் அக்கா, மகளுக்கு அத்தை. விருந்தாளியோ வேலையாளோ பக்கத்து வீட்டாரோ யாரும் இல்லை. பின்னால் பலரும் பலவிதமாகப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

அன்று முதலில் தப்பிப்போனது மிகச் சிறிய விஷயம். கடைசிப் பகுதி தொடங்கியபோது அத்தை முன்னுரை சொல்லவில்லை.

வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகிறவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்க ஒரு பரீட்சை உண்டு. அதில் ஒரு பகுதி காதுக்கானது. யாரோ பேசுவதை ஒலிபரப்புவார்கள். கேட்டுக்கொண்டே விடை எழுத வேண்டும். ஒரு தடவைதான் ஒலிக்கும். தவறவிட்டது தவறவிட்டதுதான். வாசிப்பதிலும் எழுதுவதிலும் மகள் கெட்டி. காதில்தான் வழுக்கினாள், அதுவும் இரண்டு முறை.

வழுக்கியது பெரிய குற்றமில்லை. ஆனால் முதல் முறை முடிவு வருவதற்கு முன்பே, ஒரு கல்யாண வீட்டில் உறவினர் நடுவில் நின்று, "எங்க பொண்ணு பாஸ் பண்ணிட்டா, எடமும் கெடச்சாச்சு" என்று அப்பா சொல்லிவிட்டிருந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சொன்னதை உண்மையாக்குவது ஒன்றுதான் வழி. பயிற்சி நிலையத்துக்கு அவளை அனுப்பவும் முடியாது. அங்கே படிப்பவர்களில் பாதிப்பேர் உறவுக்காரப் பிள்ளைகள். பாஸானவளுக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு பையன் வாய்விட்டுக் கேட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும். ஆகவே வீட்டிலேயே, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, பயிற்சி நடந்தது.

அத்தை ஆயுள் முழுக்க ஆங்கிலம் கற்பித்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவர். வெள்ளைக்காரர்கள் பேசுவதுபோலவே பேச அவருக்கு வரும். பரீட்சையில் பேசுபவரின் உதட்டைப் பார்க்க முடியாது என்பதற்காக உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கேள்வித்தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார். பிறகு முன்னுரை: இப்போது இன்னார் இன்னாரோடு பேசுவதைக் கேட்கப்போகிறீர்கள். அதற்குப் பிறகு ஒரே சீராகப் படித்துக்கொண்டு போவார். முடிந்ததும், விடைகளைச் சரிபார்க்கச் சற்று நேரம் மௌனம். கடைசியில், பென்சிலைக் கீழே வைக்கலாம் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் வரும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. மின்விசிறி ஓடாது. அம்மா பாத்திரத்தைத் தொட மாட்டாள்.

ஒருநாள் மகள் தெரியாத்தனமாக, "அத்தை, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ" என்று கதவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். உள்ளே புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. "ஒரு தடவைதான் படிப்பேன். பரீட்சையில யாரு உனக்குத் திருப்பிச் சொல்லுவா?" அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கப் பயிற்சி இல்லை, அவளோடு பேச்சும் இல்லை.

"உங்க அத்தை இருக்காங்களே, எமன் வந்து கூப்பிட்டாக்கூட, ஒரு தடவைக்கு மேல கூப்பிடாதேன்னு அவனுக்கே பாடம் எடுப்பாங்க" என்று அம்மா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசிப் பகுதி அத்தையின் சொந்த ஏற்பாடு. அதற்குக் கேள்விகள் கிடையாது. ஒன்று முதல் பத்து வரை எண் மட்டும் போட்ட தாள் வரும். கேட்பதில் முக்கியமான பத்துச் செய்திகளை வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றும் தாள் வந்தது. கதவுக்கு அடியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. வழக்கம்போல் முழுக்கத் தள்ளப்படவில்லை. மகள் சத்தமில்லாமல் போய் அதை உருவிக்கொண்டு வந்தாள். குனிந்தபோது கதவிடுக்கிலிருந்து தைலத்தின் வாசனை வந்தது. அத்தை தைலம் தேய்ப்பது தூங்கப்போகும்போது மட்டும்தான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். அடைத்த ஜன்னல்களுக்கு வெளியே வெயில் எரிந்தது. காற்றில்லாத கூடத்தில் பழைய தாளும், பென்சில் சீவிய மரத்தூளும், அப்பாவின் சட்டையில் இஸ்திரிச் சூடும் கலந்த நெடி அசையாமல் நின்றது. எங்கோ தெருக்கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமி உறுமி அணைந்துபோன பிறகு, தன் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடுகிற இரைச்சல் அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. முன்னுரை வரவில்லை. யாரோடு யார் பேசப்போகிறார்கள் என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, அதே பரீட்சைக் குரலில், அதே வெள்ளைக்கார உச்சரிப்பில், கதவு பேசியது.

"இடது கை. தோளில் தொடங்கி, விரல் நுனி வரை."

நோயாளி ஒருவர் மருத்துவரிடம் பேசுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் படித்த படிப்பு. மனத்துக்குள் சின்னதாகச் சந்தோஷம்கூட வந்தது. முதல் எண்ணுக்கு எதிரே எழுதினாள்: இடது கை.

"இப்போது தாடையும்."

எழுதினாள். அடுத்து வியர்வை. அடுத்து, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் கனம். பாடப்புத்தகத்தில் உள்ள வரிசை அப்படியே வந்தது. சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஏதோ ஒன்று அங்கே இல்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது, மனம் அந்த இல்லாததைத் தேடியது. பிறகு பிடிபட்டது. பக்கம் புரளும் சத்தம் இல்லை. விரலை நாக்கில் தொட்டு, நறுக்கென்று தாளைத் திருப்புவது அத்தையின் பழக்கம். இவ்வளவு நேரமாக ஒரு தாள்கூடத் திரும்பவில்லை.

சமையலறை வாசலுக்கு அம்மா வந்து நின்றாள். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நாத்தனாரின் பேச்சு அவளுக்கு வெறும் குரல்தான். குரலை மட்டும் கேட்டுப் பழகியவள். அவள் முகம் சுருங்கியது.

"என்னங்க, அண்ணி குரல் ஒரு மாதிரி..."

அப்பா திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். அம்மாவின் வாய் அப்படியே நின்றது.

"யாராவது வந்து கதவைத் திறந்தால் நன்றாக இருக்கும்" என்றது குரல். "பூட்டவில்லை."

மகள் எழுதினாள்: கதவு பூட்டவில்லை.

"தண்ணீர்."

எழுதினாள்.

அந்த வீட்டில் உள்ளறையிலிருந்து கூடத்துக்குக் கேட்கும்படி கத்திக் கூப்பிடுவது யாருக்கும் வழக்கமில்லை. பாட்டைக் கெடுக்கிற அபசுருதிபோல, பாடத்தைக் கெடுக்கிற கூச்சலும் அத்தைக்கு ஆகாது. இது மகளுக்குத் தெரியும். இது பாடமானால், எழுந்து போவது பாடத்தைக் கெடுப்பது. பாடம் இல்லையானால், எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன? அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னை எதற்குப் பார்க்கிறாய், தாளைப் பார் என்று அவர் கண்ணால் காட்டினார். அக்காவின் அந்த உச்சரிப்பு அவருக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

"வெளியே மூன்று பேர் இருக்கிறார்கள்."

அவள் எழுதினாள். மூன்று. எழுதிய பிறகு நிமிர்ந்தாள். நாற்காலியில் ஒருவர். வாசலில் ஒருவர். மூன்றாவது ஆளின் கையில் பென்சில் இருந்தது.

"கண் மங்குகிறது."

எழுதினாள்.

"விளக்கு..."

ஒன்பது. பத்தாவது வரவில்லை.

மௌனம். சரிபார்க்கும் நேரமாக இருக்கலாம். மூவரும் காத்திருந்தார்கள். பென்சிலைக் கீழே வைக்கலாம் என்ற வாக்கியத்துக்காக. ஜன்னல் இடுக்கில் விழுந்த வெயில் தரையில் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோடு மெல்ல நகர்ந்து மேசைக்காலைத் தொட்டது. வாக்கியம் வரவில்லை.

அப்பா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஒம்பது எழுதியிருக்கா. ஒண்ணுதான் போச்சு" என்று லேசாகச் சிரித்தார். "பரவால்ல. அக்கா ஓய்வெடுக்கட்டும். கொஞ்சம் டீ குடு."

அம்மா டீ கொண்டுவந்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள். அவர் குடித்தார். மகள் எழுந்திருக்கவில்லை. டம்ளர் காலியான பிறகு, இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாதான் போய் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். பூட்டவில்லை. கதவு பாதி திறந்து, எதிலோ இடித்து நின்றது. கதவுக்குப் பின்னால், தரையில், கதவை நோக்கி ஒரு கையை நீட்டியபடி அத்தை.

அந்தக் கையைத் தொட்டதும் மகளுக்குத் தெரிந்துவிட்டது. நாடி பார்த்ததெல்லாம் தொழிலுக்காகச் செய்தது.

"தூங்கும்போது போயிட்டா" என்றார் அப்பா. குரலில் நடுக்கம் இல்லை. "யார் கேட்டாலும் அதான். இந்த வீட்டுல ஆளிருந்தும் ஒரு பொம்பளை கேப்பாரில்லாம செத்தான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாது."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க" என்றாள் அம்மா. "உங்களுக்குத் தெரியுமே. அண்ணி என்னதான் சொன்னாங்க?"

அவர் சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பற்றவைத்து, ஒன்பது வரி எழுதிய தாளை அதில் காட்டினார்.

பரீட்சைத் தேதி மாறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று சொல்லி, ஒலிப்பதிவுகளும் காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோனும் அப்பாவே வாங்கிவந்தார். மகள் அதே மேசையில் உட்கார்ந்தாள். முகம் தெரியாத யார் யாரோ பேசினார்கள். நூலகத்தில் சேர ஒருவன் விவரம் கேட்டான். அருங்காட்சியகத்தைச் சுற்றிக்காட்டினாள் ஒருத்தி. எல்லாம் சரியாகத்தான் போயிற்று, அந்தப் பெண்ணின் பேச்சுக்கு அடியில், வெகு ஆழத்தில், ஒரு தாள் நறுக்கென்று புரளும் வரை.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தாள். கூடம் அமைதியாக இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்தப் பதிவைப் போட்டாலும் அது வந்தது. முதலில் தாள் புரளும் சத்தம் மட்டும். பிறகு தைலம்; ஹெட்ஃபோனின் பஞ்சிலிருந்தே வருவதுபோல அந்த வாசனை. பிறகு இடைவெளிகள். விடை சரிபார்க்கப் பதிவில் விட்டிருக்கிற மௌனங்கள் அவளுக்கு நன்றாகப் பழகியவை. வெறும் காற்று இரையும் அவற்றில். இப்போது அவற்றில் ஓர் ஆள் இருந்தது. பேசாத மௌனம் அல்ல. கேட்கிற மௌனம். இந்தப் பக்கம் இவள் உட்கார்ந்திருப்பதை, விழுங்குவதை, பென்சிலை மாற்றிப் பிடிப்பதை, அந்தப் பக்கம் யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாங்க முடியாமல் ஒருநாள் சொன்னாள். "அப்பா, இதுக்குள்ள அத்தை இருக்காங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். 

"நல்லதாப் போச்சு" என்றார். "கவனமாக் கேளு. இந்தத் தடவை ஒண்ணுகூட விடக்கூடாது."

பரீட்சை ஒரு காலைப்பொழுதில், பெரிய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. நீண்ட கூடம். வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்ஃபோன். சுவர்கள் வெள்ளை, விளக்குகள் வெள்ளை, தரை மெழுகிய நெடி. அவளுக்குப் பக்கத்து மேசையில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு பெண். குதிகால் உயர்ந்த செருப்போடு நடந்த மேற்பார்வையாளர், எல்லோரும் மாட்டிக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டுக் கையசைத்தார்.

முதல் மூன்று பகுதிகளில் எதுவும் இல்லை. தாள் புரளவில்லை. தைலம் இல்லை. அவள் தடையில்லாமல் எழுதினாள். உடம்பு லேசானது. புதிய இடம், வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அத்தை இவ்வளவு தூரம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பகுதிக்குக் கேள்வித்தாளைத் திருப்பினாள்.

அச்சிட்ட தலைப்பு: மூச்சு நின்ற பின் கேட்டல் — ஓர் உரை.

கீழே, கோடிட்ட இடங்கள்.

மூச்சு நின்றபின் பேசுபவர் முதலில் கேட்ட ஒலி, இழுக்கப்பட்ட ஒரு ______.

அவள் நிமிர்ந்தாள். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. எல்லோரும் கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போது ஓர் உரையைக் கேட்கப்போகிறீர்கள்" என்றது அத்தையின் குரல்.

இந்த முறை முன்னுரை இருந்தது.

"உடம்பில் கடைசியாக அணைவது காது" என்று குரல் தொடங்கியது. அவசரமில்லை. கோபமில்லை. "கண் போன பிறகும், மூச்சு போன பிறகும் அது திறந்தேதான் இருக்கிறது. எனக்கு முதலில் கேட்டது ஒரு நாற்காலி இழுக்கப்படும் சத்தம். அடுத்து, ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு. அதற்குப் பிறகு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார்கள்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்ற நினைத்தாள். கை எழுதிக்கொண்டிருந்தது. நாற்காலி. சிரிப்பு. மதிப்பெண். ஒவ்வொரு சொல்லும் கோட்டில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"டம்ளரை மேசையில் வைத்தார்கள். குடிப்பது கேட்டது. ஒவ்வொரு மிடறாகக் கேட்டது. ஒருவர் அழவில்லை, அவர் நர்ஸ். பிறகு, தாள் எரியும் சத்தம்."

டம்ளர். நர்ஸ். தாள்.

"அதற்கப்பால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை."

எழுந்திரு. எழுந்து கத்து. யாராவது ஒருவர் எழுந்தால் போதும். அவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

குனிந்த தலைகள். வரிசை வரிசையாக. எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். குரல் ஒரு சொல் சொன்னது; எல்லாக் கைகளும் அசைந்தன. குரல் நின்றது, எல்லாக் கைகளும் நின்றன.

கேட்டது அவளுக்கு மட்டும் அல்ல.

எல்லோரும் எழுதினார்கள்.

"இப்போது எனக்குக் கேட்பது" என்றது குரல், கடைசிக் கோட்டுக்கு வந்து, "பென்சில்கள். நிறையப் பென்சில்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை."

கூடம் முழுக்க ஒரே நேரத்தில், ஒரே சொல்லை எழுதும் சரசரப்பு. மெல்லியது. மழை தொடங்குவதுபோல. அவளுடையதும் அதில் இருந்தது.

பிறகு, சரிபார்க்கும் மௌனம். அதற்குள் யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோரையும்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது பக்கத்து மேசைப் பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"கடைசிப் பகுதிக்குத்தான் பயந்துட்டு இருந்தேன். அந்த லேடி ரொம்பத் தெளிவாப் பேசினாங்க, இல்லக்கா?" என்றாள், சூயிங்கத்தை மென்றபடி. "ரெண்டாவது கோட்டுல என்ன போட்டீங்க? சிரிப்புதானே?"

அந்த வீட்டு மகள் பரீட்சையில் தோற்றுப்போனாள், அதனால்தான் வெளிநாடு போகாமல் இன்றும் உள்ளறைக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. தோற்றாள் என்பது பொய். கேட்டல் பகுதியில் அவளுக்கு முழு மதிப்பெண். ஒரு விடைகூடத் தவறில்லை.